ஹெரால்டின் மூன்றாவது சிலிண்டர்

பழைய கார் ஒன்று கைக்கு வந்துவிட்டால் சுற்றியிருப்பவர்கள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "என்ஜினை இறக்கிடுங்க." ஓடாத வண்டிக்கும் அதைத்தான் சொல்வார்கள், ஓடுகிற வண்டிக்கும் அதைத்தான் சொல்வார்கள். இறக்கிப் பிரித்து, போர் போட்டு (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி), கிராங்க் என்ற சுழல்தண்டைக் கிரைண்ட் செய்து, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டை ஃபேஸ் பண்ணி (அடிப்பரப்பைச் சீவி), உள்ளே எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு ஏற்றிவிட்டால் அப்புறம் கவலையே இல்லை என்பது நம் ஊர்ப் பட்டறைகளில் வேரூன்றிப்போன நம்பிக்கை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உற்பத்தியில் இருக்கும் வண்டிக்கு அது சரியாக இருக்கலாம், பிளாக் கெட்டால் வேறு பிளாக் வாங்கிக்கொள்ளலாம். தொழிற்சாலையே இல்லாமல் போன வண்டியில் ஒவ்வொரு முறை லேத்தில் ஏற்றும்போதும் சீவி எறிவது திரும்பக் கிடைக்காத இரும்பு. சிலிண்டரைப் பெரிதாக்கினால் பெரிதாக்கியதுதான். 20 ஓவர்சைஸ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு), 30, 40 என்று போய், அதற்கு மேல் சுவர் மெலிந்து, உள்ளே ஸ்லீவ் என்ற குழாய் அடிக்க வேண்டிவரும். அதனால் கோளாறு எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டு அந்த இடத்தை மட்டும் தொட வேண்டும் என்பது என் கட்சி. என்னிடம் இருக்கும் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3-இன் என்ஜினை அப்படித்தான் சரிசெய்தேன்.

ஹெரால்ட் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் கம்பெனி 1959-இல் கொண்டுவந்த வண்டி, வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. அங்கே அதற்குப் பெயர் ட்ரையம்ஃப் ஹெரால்ட். இங்கே மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961-இலிருந்து தயாரித்தது. ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருந்தது தொழிற்சாலை. 1968-இல் வந்த மார்க் 3-க்கு நான்கு கதவுகள். நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவில் மட்டும்தான் விற்பனைக்கு வந்தது, அதாவது அது முழுக்க முழுக்க மெட்ராஸ் வண்டி. பின்னால் அதுவே 1972-இல் கஸல் ஆனது. அம்பாசடரும் ஃபியட்டும் நாடு முழுக்கத் தெரிந்த பெயர்கள், நம் ஊரில் பிறந்த இந்த வண்டியைத்தான் நாம் வேகமாக மறந்துவிட்டோம். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

என்ஜின் 948 சிசி, நான்கு சிலிண்டர், 63 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 76 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங். இந்த என்ஜின் குடும்பம் 1953-இல் ஸ்டாண்டர்ட் எய்ட் என்ற சின்ன வண்டியில் 803 சிசியாகத் தொடங்கி, வளர்ந்து வளர்ந்து 1493 சிசி வரை போய், ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரில் 1980 வரை ஓடியது. 803-இலிருந்து 1296 வரை ஸ்ட்ரோக் மாறவே இல்லை, போரை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். இந்த வரலாறு தெரிந்திருப்பதில் நடைமுறைப் பயன் உண்டு. ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் இங்கிலாந்தில் இன்றும் நிறைய இருப்பதால் அந்தக் குடும்பத்துப் பொதுவான பாகங்கள் பல அங்கே இன்னும் கிடைக்கின்றன. ஹெரால்ட் பார்ட்ஸ் என்று சென்னையில் வாகன உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் கேட்டால் தலையை ஆட்டி அனுப்பிவிடுவார்கள். பாகத்தின் எண்ணைச் சொல்லித் தேடினால் கிடைக்கும்.

வண்டி என் தாய்மாமாவுடையது. தஞ்சாவூர்ப் பக்கம் தகரக் கொட்டகையில் வருஷக்கணக்காக நின்றிருந்தது. லாரியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தபோது என்ஜின் ஜாம். புல்லியைப் பிடித்துத் திருப்பினால் அசையவில்லை. இந்தக் கட்டத்தில்தான் நிறையப் பேர் ஆளைக் கூட்டித் தள்ளிக் கியரில் போட்டு உலுக்குகிறார்கள், இன்னும் மோசமாக, இன்னொரு வண்டியில் கட்டி இழுக்கிறார்கள். நின்றுபோன என்ஜினில் பெரும்பாலும் பிடித்திருப்பது பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் ஏறிய துரு. அதை வேகத்தில் உடைத்தால் ரிங் முறியும், முறிந்த துண்டு சுவரில் கோடு கிழிக்கும், அப்புறம் போர் போடாமல் வழியில்லை. நான்கு பிளக்கையும் கழற்றி, டீசலும் ஏ.டி.எஃப். எண்ணெயும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றுவது) கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றிவிட்டு விட்டுவிட வேண்டியதுதான். ஊறும் வரை காத்திருப்பது மட்டும்தான் செலவு. அதன் பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் வைத்து முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும், ஒரு பக்கமாகவே அழுத்தக் கூடாது. ஒரு நாள் நூலளவு அசைந்தது, அதற்கப்புறம் முழுச் சுற்றும் வந்துவிட்டது.

பல்லாவரம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாய்தான் எனக்குத் துணை. சின்னப் பையனாக வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே ஹெரால்ட் பார்த்தவர். என்ஜின் சுற்றிவிட்டதைச் சொன்னதும், "உடனே சாவி போட்டுடாதீங்க தம்பி, முதல்ல எண்ணெய் மேல ஏறணும்" என்றார். என்ஜினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் இருந்த பழைய எண்ணெயை இறக்கி, புதிதாக 20டபிள்யூ-50 ஊற்றி, பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரால் சுற்றினோம். பிளக் இல்லாதபோது பேரிங்குகள் மேல் சுமை குறைவு, எண்ணெய் ஏறும் வரை அவை பிழைத்துக்கொள்ளும். ஆயில் பிரஷர் விளக்கு அணைந்தது. அந்த விளக்கை நான் முழுதாக நம்புவதில்லை. அது மிகக் குறைந்த அழுத்தத்திலேயே அணைந்துவிடும். சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பின்னால் என்ஜின் ஓடி நன்றாகச் சூடான பிறகு 2000 சுற்றில் 40 பிஎஸ்ஐ-க்கு மேல் நின்றது. கிராங்க் பேரிங்கையும் ஆயில் பம்பையும் தொட வேண்டாம் என்று நான் முடிவு செய்தது அந்த முள்ளைப் பார்த்துத்தான்.

பெட்ரோல் பக்கம் தனி வேலை. டேங்கில் இருந்தது பெட்ரோலே இல்லை, பிசின். அதனால் முதலில் டேங்கையே தொடாமல், ஒரு கேனில் புதுப் பெட்ரோல் வைத்து ஏசி பிராண்ட் பெட்ரோல் பம்புக்குக் குழாய் கொடுத்தேன். பம்பின் டயாஃப்ரம் என்ற சவ்வு காய்ந்து விரிசல் விட்டிருந்தது, மாற்றினேன். அதில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும், ஆயில் ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தாலே தெரியும். ஸோலெக்ஸ் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டுகளைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்தேன். ஜெட் ஓட்டையில் கம்பி விட்டுக் குத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த ஓட்டையின் அளவுதான் ஜெட், அதைக் குத்திப் பெரிதாக்கிவிட்டால் அப்புறம் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்?

வண்டி கிளம்பியது. ஓடியது. ஆனால் மிஸ்ஸிங், அதாவது சீராக எரியாமல் விட்டுவிட்டு ஓடியது. ஐடிலில் உடம்பு முழுக்க ஆடியது, மேட்டில் இழுவை இல்லை, டிராஃபிக்கில் நின்றால் டெம்பரேச்சர் முள் மேலே போனது. பார்த்தவர்கள் எல்லோரும் கார்புரேட்டரைக் கை காட்டினார்கள். கார்புரேட்டர் கோளாறு என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் இக்னிஷன் பக்கம்தான் இருக்கும் என்பது என் அனுபவம். அதனால் அங்கிருந்து தொடங்கினேன்.

என்ஜின் ஓடும்போது ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்ப்பது பழைய முறை, ஆனால் அதைவிட நேரடியான முறை இல்லை. நல்ல சிலிண்டரின் வயரை எடுத்தால் என்ஜின் தடுமாறும். மூன்றாவதை எடுத்தபோது ஒரு மாற்றமும் இல்லை. சரி, மூன்றாவதுதான் வேலை செய்யவில்லை. ஏன்? பிளக்கை இரண்டாவதுடன் மாற்றிப் போட்டேன், கோளாறு மூன்றாவதிலேயே இருந்தது. வயரை மாற்றினேன், அப்போதும் மூன்றாவது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் மாற்றினேன். அதற்குள் சுழலும் ரோட்டாரையும் கண்டன்சரையும் சந்தேகப்படக் காரணம் இருந்தது, ஏனென்றால் இப்போது புதிதாக வரும் இந்த இரண்டும் பழையவற்றின் தரத்தில் இல்லை. ரோட்டாரில் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் வழியாக மின்சாரம் கீழே ஷாஃப்டுக்கு இறங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஆனால் ரோட்டார் போனால் நான்கு சிலிண்டரும் பாதிக்கும், ஒன்று மட்டும் பாதிக்காது. இப்படி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருவதற்கு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது முக்கியம். பிளக், பாயிண்ட், கண்டன்சர், வயர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, சரியாகாவிட்டால் இன்னும் குழப்பம்.

தீப்பொறி ஒழுங்காக இருக்கிறது, பெட்ரோல் வருகிறது என்றானதும் கம்ப்ரஷன் (பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்தேன். என்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் வெளியே இருக்க வேண்டும், ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்திருக்க வேண்டும். கடைசி விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள், த்ராட்டில் மூடியிருந்தால் காற்றே உள்ளே போகாமல் எல்லா எண்ணும் குறைவாகத்தான் காட்டும். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய சிலிண்டர்களில் 130 பிஎஸ்ஐ ஒட்டி. மூன்றாவதில் 70. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் ஒரே அளவில் குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் வைக்கும் தகடு) போயிருக்கிறது என்று அர்த்தம். இங்கே அப்படி இல்லை. மூன்றாவதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தேன். ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்து அழுத்தம் ஏறும். முள் அதே இடத்தில் நின்றது. ஆக, ரிங் இல்லை, வால்வு.

எந்த வால்வு என்று தெரிந்துகொள்ள இன்னொரு சோதனை. மூன்றாவது பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சத்தில் நிறுத்தி, பழைய பிளக் ஒன்றின் உள்ளீட்டை உடைத்து எடுத்துச் செய்த அடாப்டர் வழியாகக் கம்ப்ரசர் காற்றை உள்ளே விட வேண்டும். காற்று எங்கே வெளியேறுகிறதோ அங்கே கோளாறு: கார்புரேட்டரில் சத்தம் வந்தால் இன்லெட் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கட் அல்லது விரிசல். எனக்கு சைலன்சர் குழாயில் உஸ்ஸென்று வந்தது. கைக்குட்டையைப் பிடித்தால் அசைந்தது. எக்ஸாஸ்ட் வால்வு.

ஹெட்டைக் கழற்றுமுன் டப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்த்தேன். இந்த என்ஜினுக்கு 0.25 மில்லிமீட்டர், குளிர்ந்த நிலையில். இதற்கு ஓர் அழகான கணக்கு உண்டு. முன்னாலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொண்டு, எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ அதை 9-இலிருந்து கழித்தால் வரும் எண்ணுள்ள வால்வை அப்போது அட்ஜஸ்ட் செய்யலாம். முதல் வால்வு திறந்திருந்தால் எட்டாவது, நான்காவது திறந்திருந்தால் ஐந்தாவது. பாய் இதைப் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை, கைப்பழக்கத்தில் செய்கிறார். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட்தான் ஐந்தாவது வால்வு. ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகடுகூட அதில் நுழையவில்லை. இடைவெளியே இல்லை என்றால் வால்வு முழுதாக மூடுவதில்லை. சரிசெய்து ஓட்டினேன், கம்ப்ரஷன் கொஞ்சம் ஏறியது. சில வாரங்களில் இடைவெளி மறுபடியும் மறைந்துவிட்டது.

இங்கேதான் விஷயம் பிடிபட்டது. டப்பெட் இடைவெளி தேய்மானத்தால் கூடுவதுதான் வழக்கம். குறைந்துகொண்டே போகிறது என்றால் வால்வு மேலே ஏறுகிறது, அதாவது ஹெட்டில் வால்வு உட்காரும் சீட் அமிழ்ந்துகொண்டே போகிறது. அந்தக் காலத்து பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயம் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, பழுக்கச் சூடான இரும்பும் இரும்பும் ஒட்டிப் பிய்ந்துகொள்ளாமல் காப்பாற்றியது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான். அது வர வேண்டிய மாற்றம், குழந்தைகளின் உடம்புக்குள் ஈயம் போவதைவிட நம் வால்வு சீட் பெரிதில்லை. ஆனால் கடினமாக்கப்பட்ட தனி சீட் இல்லாமல், வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே சீட் வெட்டிய இந்த மாதிரி என்ஜின்களுக்கு அதன் பிறகு பாதுகாப்பு போய்விட்டது. அதிலும் இந்த ஹெட்டில் நான்காவது, ஐந்தாவது வால்வுகள் இரண்டும் எக்ஸாஸ்ட், அருகருகே இருக்கின்றன. ஹெட்டிலேயே அதிகம் கொதிக்கும் இடம் அது.

ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் என்ஜினை இறக்க வேண்டியதில்லை. ஹெரால்டில் பானெட் மட்டுமல்ல, மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் முழுதும் முன்னால் சாய்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இவ்வளவு வசதியாக என்ஜினைக் காட்டும் வண்டி வேறு ஒன்று எனக்குத் தெரிந்து இந்தியாவில் தயாரானதில்லை.

நட்டுகள் கழன்றன, ஹெட் வரவில்லை. ஸ்டட்டுகள் துருவேறி ஹெட்டோடு ஒட்டிப்போயிருந்தன. ஸ்க்ரூ டிரைவரை கேஸ்கட் இடுக்கில் சொருகி நெம்பலாம் என்று உதவிக்கு வந்த பையன் கிளம்பினான், பாய் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மட்டமான பரப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் அப்புறம் கேஸ்கட் பிடிக்காது. அவர் செய்தது எனக்குப் புதிது: பிஸ்டன் கீழே இருக்கும்போது பிளக் ஓட்டை வழியாக நூல்கயிற்றை சுருட்டிச் சுருட்டி சிலிண்டருக்குள் திணித்தார், பிறகு கிராங்கை ஸ்பேனரால் மெல்லத் திருப்பினார். மேலே வரும் பிஸ்டன் கயிற்றை ஹெட்டோடு அழுத்தி, ஹெட்டை நேராக மேலே தூக்கியது. ஒரு சிலிண்டரில் கொஞ்சம், இன்னொன்றில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிச் செய்ததில் ஸ்டட்டில் வழுக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டது. "கயிறுக்கு எலும்பு கிடையாது தம்பி, எங்கயும் குத்தாது" என்றார்.

ஐந்தாவது வால்வின் ஓரத்தில் எரிந்து ஒரு வெட்டு விழுந்திருந்தது. சீட் அமிழ்ந்திருந்தது கண்ணுக்கே தெரிந்தது. ஹெட்டை மெஷின் ஷாப்புக்குக் கொண்டுபோனேன். நான்கு எக்ஸாஸ்டுக்கும் கடின சீட் ரிங் அடிக்க வேண்டும், வால்வுத் தண்டு ஏறி இறங்கும் கைடுகளை மாற்ற வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்றேன். "அப்படியே ஒரு அரை மில்லி ஃபேஸ் பண்ணிடலாமே, எல்லாருக்கும் பண்றதுதானே" என்றார்கள். நேர்விளிம்புப் பட்டையைக் குறுக்கே வைத்து, கீழே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கச் சொன்னேன். 0.05 மில்லிமீட்டர் தகடு எங்கும் நுழையவில்லை. வளையாத ஹெட்டை எதற்குச் சீவ வேண்டும்? சீவினால் கம்ப்ரஷன் கூடும், புஷ்ராடு நீளக் கணக்கு மாறும், அடுத்த முறை நிஜமாகவே வளைந்தால் சீவ இரும்பு மிச்சமிருக்காது. கேட்டுக்கொண்டார்கள். நல்ல வேலைக்காரர்கள்தான். எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வதைவிட எதைச் செய்யக் கூடாது என்று முன்பே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது, முடிந்தால் எழுதிக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

ஹெட் இல்லாதபோது சிலிண்டர்களை அளந்தோம். மேல் விளிம்பில் ரிங் எட்டாத இடத்தில் ஒரு சின்ன மேடு, அதற்குக் கீழே தேய்மானம் 0.08 மில்லிமீட்டர். இந்த இடத்தில் பாய்க்கும் எனக்கும் நல்ல விவாதம். திறந்ததோடு புது ரிங் போட்டுவிடலாம் என்பது அவர் யோசனை. என் வாதம்: மற்ற மூன்று சிலிண்டரிலும் அழுத்தம் ஒழுங்காக இருக்கிறது, மூன்றாவதிலும் எண்ணெய் விட்டு ஏறவில்லை, நீலப் புகை இல்லை. ரிங் தன் வேலையைச் செய்கிறது என்று சோதனை சொல்லும்போது மாற்றினால், கூர்மையான விளிம்புள்ள புது ரிங் அந்த மேட்டில் போய் இடிக்கும், அதற்காக மேட்டைச் சீவ வேண்டும், அப்புறம் சுவரை ஹோன் செய்ய வேண்டும், ஒன்றைத் தொட்டு ஒன்றாக முழு என்ஜினும் பிரிந்துவிடும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, உங்க கணக்கும் சரிதான்" என்று விட்டுவிட்டார்.

டிராஃபிக்கில் சூடானதற்குக் காரணம் வேறு இடத்தில் இருந்தது. பிளாக்கின் பக்கவாட்டில் நீர் வடிக்கும் குழாய்த் திருகைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. கம்பி விட்டுக் குத்திய பிறகு செம்மண் குழம்பு போல வந்தது. நான்காவது சிலிண்டரைச் சுற்றிப் பாதி உயரத்துக்குத் துருச் சேறு படிந்திருந்தது. பம்பிலிருந்து தொலைவில் இருக்கும் கடைசி மூலை என்பதால் எப்போதும் அங்கேதான் படியும். பக்கவாட்டுத் தகட்டு மூடிகளைக் கழற்றி, சுரண்டி, தண்ணீர் பீய்ச்சித் தெளிந்த நீர் வரும்வரை கழுவினோம். போர்வெல் தண்ணீரைத் தயவுசெய்து ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். நம் ஊர் உப்புத்தண்ணீரில் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் பொருக்கு என்ஜினுக்குள்ளும் படிகிறது, இரும்பிலிருந்து தண்ணீருக்குச் சூடு போகாமல் தடுக்கிறது. டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் மட்டும்தான்.

இன்னொரு சோதனையைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த என்ஜின் குடும்பத்தின் உயிர்நாடி அது. என்ஜின் அணைந்திருக்கும்போது ஒருவர் கிளட்சை மிதிக்கட்டும், நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பாருங்கள். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் நகர்ந்தால் ஆபத்து. கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்பக்கம் தள்ளப்படுகிறது, அதைத் தாங்குவது பின் மெயின் பேரிங்கை ஒட்டியிருக்கும் இரண்டு அரைவட்டத் தகடுகள். த்ரஸ்ட் வாஷர் என்பார்கள். அவை தேய்ந்து மெலிந்தால் ஒருநாள் இடத்தைவிட்டு நழுவி சம்ப்பில் விழுந்துவிடும். அதன்பின் சுழலும் கிராங்க் நேராக பிளாக்கை அரைக்கும், சில நிமிடங்களில் இரண்டுமே வீண். டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது என் வண்டியில் ஆட்டம் அளவுக்கு மேல் இருந்தது, ஆனால் வாஷர்கள் இன்னும் இடத்தில்தான் இருந்தன. சம்ப்பை இறக்கி, பின் பேரிங் மூடியை மட்டும் கழற்றி, பழைய வாஷரைச் சுற்றித் தள்ளி வெளியே எடுத்துப் புதியதை அதே வழியில் உள்ளே விடலாம். கிராங்கை இறக்க வேண்டியதில்லை. எண்ணெய்ப் பள்ளம் உள்ள பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் போட்டும் பயனில்லை. சம்ப்பைத் திரும்ப மாட்டும்போது முன்பக்கம் இருக்கும் அலுமினியக் கட்டையில் போல்ட்டை மென்மையாக முறுக்குங்கள், அதன் மரை சீக்கிரம் போய்விடும்.

திரும்பப் பூட்டுவதில் விசேஷமாகச் சொல்ல எதுவுமில்லை. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று கட்டமாக, டார்க் ரெஞ்சில் முறுக்கினோம். கொஞ்சம் ஓட்டிய பிறகு குளிரவைத்து மறுபடி முறுக்கி, டப்பெட் பார்த்தோம். மூன்றாவது சிலிண்டர் இப்போது மற்ற மூன்றோடு சேர்ந்துவிட்டது. ஐந்தாவது வால்வின் இடைவெளியை அவ்வப்போது திறந்து பார்க்கிறேன், 0.25-இலேயே நிற்கிறது.

இதே வேலைக்கு வேறு வண்டியின் என்ஜினைத் தூக்கிப் போட்டால் சுலபம் என்று எனக்கும் சொன்னார்கள். சிலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், வண்டி ஓட வேண்டும் என்ற அவர்கள் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் என்ஜின் எண்ணை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், தவிர 2021-இல் வந்த விதிப்படி 50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்து 'விஏ' எழுத்துள்ள எண் வாங்க வேண்டுமானால் சேஸி, பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. சட்டத்தை விடுங்கள். சிலிண்டர் ஹெட்டைத் திறந்தபோது என் கண்முன் இருந்தது சென்னை வாகனத் தொழிலின் முதல் தலைமுறை. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் என்று ஒரு நகரமே கார் பாகம் செய்யக் கற்றுக்கொண்ட காலத்தின் பொருள் அது. பெருங்களத்தூர்த் தொழிற்சாலையில் 1988-இல் உற்பத்தி நின்றுபோனது. அந்தப் பக்கம் ரயிலில் போகிறவர்களுக்கு அங்கே கார் தயாரானது என்பதற்கு அடையாளம் எதுவும் தெரியாது. மிச்சமிருக்கும் அடையாளம் இந்த என்ஜின்கள்தான். அதைத் தூக்கி எடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் முடிக்காத வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. இப்போது பங்குகளில் வருவது 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், அதனால் பெட்ரோல் குழாய்களையும் பம்பின் டயாஃப்ரத்தையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டேன். அது காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும், வண்டியை நிறுத்திவைப்பதாக இருந்தால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுகிறேன். மிச்சம் கலவைக் கணக்கு. சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று போதும், எத்தனாலுக்கு 9 பங்கே போதும். அதனால் பழைய ஜெட்டில் இந்தப் பெட்ரோலை ஊற்றினால் கலவை மெலிந்துவிடுகிறது. மெலிந்த கலவை எக்ஸாஸ்ட் வால்வை மறுபடி சூடாக்கும். பிளக்குகள் நான்கும் இப்போது வெளிறித்தான் இருக்கின்றன. ஒரு அளவு பெரிய மெயின் ஜெட் தேடி, பழைய வாகன பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு பழைய ஸோலெக்ஸ் கார்புரேட்டரையே முழுதாக வாங்கி வந்திருக்கிறேன், அதில் இருக்கும் ஜெட்டை வரும் ஞாயிற்றுக்கிழமை போட்டு, நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும்.